சத்தம் வராத கேமரா

திங்கட்கிழமை என்றால் கஸ்தூரிக்கு மூச்சு விட நேரமிருக்காது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அன்றைக்குத்தான் மனு வாங்குவார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்தும் செங்கம் பக்கமிருந்தும் வருகிற ஜனம் எதிரிலிருக்கும் அவளுடைய ஜெராக்ஸ் கடை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவள் கை அதுபாட்டுக்கு மெஷினில் காகிதத்தை வைத்து எடுக்கும். கண் மட்டும் சாலையில் இருக்கும். வயசான ஆம்பளை யாராவது தனியாக நடந்து போனால் மெஷின் மூடியைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மூன்று வருஷமாக அப்படித்தான்.

கடையில் பாதிதான் அவளுடையது. மறுபாதியில் ஒரு நீலத்துணி தொங்குகிறது. அதன் முன்னால் ஒரு ஸ்டூல். அங்கேதான் அவள் புருஷன் தசரதன் மனு கொடுக்க வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு அதில்தான் எடுத்தார். ஆனாலும் பழைய பிலிம் கேமரா ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். மேலே வெள்ளி நிறம், கீழே கறுப்புத் தோல், தலையில் திருகுகிற சக்கரங்கள். அது கழுத்தில் இல்லாவிட்டால் சட்டை போடாத மாதிரி இருக்கிறது என்பார்.

ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார். அப்புறம் படம் எடுத்ததை மறந்து, எடுத்தவர்களையே திரும்பவும் ஸ்டூலில் உட்கார வைத்தார். மகள் சினேகாவின் பெயரை மறந்தார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து நின்ற கஸ்தூரியைப் பார்த்து, "மனு குடுக்க வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வேலூரில் பார்த்த டாக்டர், இது திரும்பி வருகிற வியாதி இல்லை, போய்க்கொண்டே இருக்கிற வியாதி என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது. அந்தப் பழைய கேமராவை யாராவது எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தால் போதும், எங்கே போய்க்கொண்டிருந்தாலும் நின்றுவிடுவார். சட்டையின் மேல் பட்டனைப் போடுவார். தாடையைச் சற்றே தூக்கி ஆடாமல் அசையாமல் நிற்பார். ஆயுசு பூரா மற்றவர்களிடம், "ஆடாதீங்க, அப்டியே இருங்க" என்று சொன்னவர் அல்லவா. 'டக்' என்று சத்தம் கேட்கிறவரை நிற்பார். கேட்டதும் லேசாகச் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார். போனைத் தூக்கிக் காட்டினால் நிற்க மாட்டார், அது அவருக்கு ஏதோ கண்ணாடித் துண்டு. கஸ்தூரி அவருக்கு முகம் வழித்துவிட்டதும் மாத்திரை கொடுத்ததும் அந்தக் கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான்.

அந்தக் கேமராவோடுதான் அவர் தொலைந்து போனார். பௌர்ணமிக்கு ஒரு சுற்று சுற்றி வந்தால் தெளிவு வரும் என்று நாலு பேர் சொன்னார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலத்துக்கு அழைத்துப் போனாள். பொழுது சாயும் நேரம். யாரோ புண்ணியவான் வழியில் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தொன்னை, தனக்கு ஒரு தொன்னை. இரண்டு தொன்னை வாங்க இரண்டு கை வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினாள். கூட்டம் இருந்தது, அவர் இல்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டிலும் லாட்ஜ்களிலும் படம் ஒட்டினாள். அன்னதான மடங்களில் வரிசையில் உட்கார்ந்திருக்கிற காவி வேட்டிக்காரர்களின் முகங்களைக் குனிந்து குனிந்து பார்த்தாள். தாடி வளர்ந்துவிட்டால் எல்லா முகமும் ஒரே முகமாகி விடுகிற ஊர் இது.

வருஷம் மூன்றாகப் போகிற சமயத்தில் தசரதனின் தம்பி சுப்பிரமணி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். கூடத்தில் மாட்டியிருந்த அண்ணன் படத்தைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல பெரியவங்க பேசிக்கறாங்க. ஒரு காரியத்த முடிச்சு, படத்துக்கு ஒரு மாலையப் போட்டுட்டா, போன உசுருக்கு ஒரு நிம்மதி."

"போன உசுருனு யார் வந்து சொன்னாங்க தம்பி?"

"இல்ல அண்ணி, ஊர் வழக்கத்த சொன்னேன்."

"அந்தப் படத்துல மாலை ஏறுச்சுனா அன்னிக்கு எனக்கும் சேத்து ஒண்ணு வாங்கியாந்துடுங்க." நெற்றிக் குங்குமத்தை விரலால் அழுத்திக்கொண்டு காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் சினேகா ஒரு வீடியோ சேனலை ஆரம்பித்தாள். அவள் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள். வெளியூர்க்காரர்கள் கிரிவலப் பாதை வீடியோக்களை விழுந்து விழுந்து பார்ப்பது அவளுக்குத் தெரியும். அம்மா தினமும் காலையில் அந்தப் பாதையில்தானே தேடி நடக்கிறாள். நடக்கிற இடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசட்டும், கடைசியில் அப்பா படத்தைக் காட்டி, பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்கட்டும். போனில் எடுத்துப் போட்டார்கள். பார்த்தவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான். நல்ல கேமரா வேண்டும் என்றாள் சினேகா.

தேரடித் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கிற வல்லரசு, கேமரா விற்பனையும் வைத்திருந்தான். தசரதனை அண்ணன் என்று கூப்பிட்டவன். தாயையும் மகளையும் உட்கார வைத்து ஒரு கறுப்புக் கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இதப் பாருங்க அண்ணி. கையில கப்புனு நிக்கும். நடந்துகினே பேசினாலும் படம் ஆடாது. பேட்டரியும் ஜாஸ்தி நேரம் வரும். இன்னிக்கு வ்லாக் போடறவங்க முக்காவாசிப் பேர் இதத்தான் வாங்கறாங்க."

"இதே போதும் மா," என்றாள் சினேகா.

கஸ்தூரி அதைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை அவனுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியில் நட்டுக்கொண்டிருந்தது. மேலே வெள்ளி நிறம், கீழே கறுப்புத் தோல், தலையில் சக்கரங்கள்.

"அது என்னா வல்லரசு?"

"அதுவா. பழைய டிசைன்ல வந்த புது கேமரா அண்ணி. உள்ள எல்லாம் இந்தக் காலத்து சாமான், மேலுக்குத்தான் அந்தக் காலம். காலேஜ் புள்ளைங்க ஸ்டைலுக்குக் கழுத்துல மாட்டிகினு திரியும்."

"அத எடு."

"வ்லாகுக்கு அது செட் ஆவாது அண்ணி. புடிக்க வாகே கெடையாது, சோப்பு மாரி வழுக்கும். ஆட்டத்த அடக்கற வேலையும் உள்ள இல்ல. நீங்க நடந்தா படமும் கூடவே குதிக்கும்."

"நான் நின்னுகினே பேசறேன்."

"யம்மா, வெல வேற ஜாஸ்தி. அவர் என்னா சொல்றாருனு காதுல வாங்கேன்."

"உங்கப்பா போனப் பாத்தா நிப்பாரா?" என்று கேட்டாள் கஸ்தூரி. "இந்தக் கறுப்பப் பாத்தா நிப்பாரா? இதக் கையில வெச்சிகினு அந்த ரோட்ல நின்னா, எங்கயாச்சும் போறவர் இதப் பாத்தா, நிப்பாருடி. எனக்கு அது போதும். படம் ஆடினா ஆடட்டும்."

வல்லரசு அலமாரியைத் திறந்தான். அவள் அதைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். பிறகு அவன் கையில் கொடுத்துத் தன்னைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான். அவளையறியாமல் அவள் தாடையும் சற்றுத் தூக்கிக்கொண்டது.

"சத்தம் வருமா இதுல?"

"போட்டோவுக்கு வேணும்னா வரும், வேணாம்னா அமுக்கி வெச்சிக்கலாம். வீடியோவுல சத்தமே கெடையாது. அதுபாட்டுக்கு ஓடிகினே இருக்கும்."

"வராம இருந்தா நல்லதுதான். சத்தம் கேட்டா கெளம்பிடுவாரே."

வல்லரசு முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுவதுபோல அலமாரியைக் குடைந்தான்.

"சரி, அப்ப லென்ஸாவது நான் சொல்றதுதான்," என்றாள் சினேகா. "பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கலா, பஞ்சு மாரி போயிடணும். உன் மொகம் மட்டும் பளிச்சுனு. அப்பதான் நாலு பேர் நின்னு பாப்பாங்க. எத்தினி பேர் பாக்கறாங்களோ அத்தினி பேர் அப்பாவத் தேடுவாங்க."

"அது ஈஸி," என்றான் வல்லரசு. "பின்னாடி இருக்கறது தெரியணும்னாதான் கஷ்டம். அதுக்கு உங்க போனே பெஸ்ட், மலையில மேயற ஆடு கூட தெரியும்."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். அந்தச் சொல்லைப் பின்னால் கஸ்தூரி எத்தனை ராத்திரி நினைத்து நினைத்துத் தலையணையை நனைத்தாள் என்பது அவளுக்கும் அந்த அண்ணாமலையாருக்கும்தான் தெரியும். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிற, அவள் பங்குக்கு வந்த மல்லாட்டைக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டு அந்தக் கேமராவை வாங்கினாள்.

தினமும் பொழுது விடிந்ததும் ஆட்டோவில் போய் இறங்குவாள். முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கேமராவை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, போகிற வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்ப்பாள். உட்கார்ந்திருக்கிற சாமியார்களைப் பார்ப்பாள். சிலர் கையை நீட்டுவார்கள், சிலர் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஒருவரும் மேல் பட்டனைப் போட மாட்டார்கள். அப்புறம்தான் வீடியோ. கேமராவின் திரையைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொள்வாள். கண்ணாடியில் திரையின் வெளிச்சம் அடிக்கிறது என்று சினேகா சொன்னதால் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். கழற்றிவிட்டால் கிட்டத்தில் இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. திரையில் தன் முகமே ஒரு மஞ்சள் பூச்சாகத்தான் தெரியும்.

அன்றைக்கு, மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் இருக்கிற லிங்கங்களில் ஒன்றான நிருதி லிங்கத்தைத் தாண்டிச் சாலை திரும்புகிற இடத்தில் நின்றாள். கிரிவலம் போகிறவர்கள் எல்லாரும் சாலையின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். வலது ஓரம் மலையை ஒட்டிய பக்கம். கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று அதை விட்டுவிடுவார்கள். கஸ்தூரி இடது ஓரத்தில் நின்றுகொண்டு, மலை பின்னால் தெரியட்டும் என்று முதுகை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டாள். சாலைக்கு அந்தப் புறத்தில் ஒரு புங்கமரம். பேச ஆரம்பிக்கும் முன்பு மரத்தடியையும் பார்த்தாள். காலியாக இருந்தது.

லிங்கத்தைப் பற்றி மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். கடைசியில் வழக்கம்போலப் புருஷனின் படத்தை லென்ஸுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இவர் எங்க வீட்டுக்காரர். பேர் தசரதன். யாராவது பாத்தீங்கனா தயவுபண்ணி சொல்லுங்க." நிறுத்தினாள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிற நேரத்தில் ஆந்திராப் பக்கத்து யாத்திரைக்காரர்கள் ஒரு கும்பலாக வந்து அடுத்த லிங்கம் எங்கே என்று கேட்டார்கள். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்த இரண்டு தெலுங்கு வார்த்தையில் அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து லாட்ஜிலிருந்து சினேகா போன் செய்தாள். குரலில் படபடப்பு.

"யம்மா, நம்ம வீடியோவ லட்சம் பேருக்கு மேல பாத்துட்டாங்க."

"அப்பா கெடச்சுட்டாரா?"

"இல்லமா. வேற என்னமோ சொல்றாங்க. நீயே பாரு."

கஸ்தூரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கமெண்ட்களைப் படித்தாள். 'அம்மா, உங்க பின்னாடி பாருங்க. மரத்தடியில ஒருத்தர் நிக்கறார்.' 'மனுஷன்னா இவ்ளோ நேரம் அசையாம நிக்க முடியுமா?' 'ஜனம் பூரா இடது பக்கம் போவுது. அவர் மட்டும் வலது பக்கம். புரிஞ்சவங்களுக்குப் புரியும்.' 'நெஞ்சுல லிங்கம் தெரியுது பாருங்க.' 'சித்தர் தரிசனம். ஓம் நமசிவாய.'

வீடியோவை ஓட விட்டாள். அவள் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறாள். கேமராவின் கண் அவளை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பிடித்துக்கொள்கிறது. படத்திலிருக்கும் தசரதனின் மீசையில் ஒவ்வொரு மயிரும் எண்ணுகிற மாதிரித் தெரிகிறது. அதற்கு மேலே, தூரத்தில், பச்சைப் பஞ்சாகக் கரைந்து கிடக்கிற மரத்தடியில் வெள்ளையாக ஒரு நீளப் பூச்சு. முகமில்லை. கண்ணில்லை. நெஞ்சுக்கு நேரே கறுப்பாக ஒரு திட்டு. அந்தப் பூச்சிலிருந்து கை மாதிரி ஒன்று மேலே எழும்பிக் கழுத்தருகில் கொஞ்ச நேரம் எதையோ துழாவுகிறது. கீழே இறங்குகிறது. தலை சற்றே நிமிர்கிறது. அதற்கப்புறம் வீடியோ முடிகிறவரை அது அசையவே இல்லை.

கஸ்தூரியின் கையிலிருந்து போன் நழுவி மெஷின்மேல் விழுந்தது. யாரோ ஒரு மனுக்காரம்மா, "என்னாச்சும்மா?" என்று தாங்கிப் பிடித்தாள்.

பட்டன் போடுகிறார். படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து நின்றிருக்கிறார். அவள் எதற்காக அந்தக் கேமராவை வாங்கினாளோ அது அப்படியே நடந்துவிட்டது. அவள் புருஷனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தபோது புருஷன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து ஓடினாள். மரத்தடியில் அவர் இல்லை. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலைப் பக்கத்துப் புதரெல்லாம் கால் கிழியத் தேடினாள். மடம் மடமாகப் போய்க் கேட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் வீடியோவைப் பார்த்த ஏட்டு, "இதுல மூஞ்சியே இல்லையேம்மா. யாருனு தேடச் சொல்றீங்க?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

வல்லரசு கடையில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தப் பூச்சும் பெரிதானது, அவ்வளவுதான்.

"தெளிவாக்க முடியாதா வல்லரசு? இப்ப கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களே."

சினேகா ஏற்கெனவே ஏதோ ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்திருந்தாள். அது முகம் வரைந்துதான் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முகம். எதுவும் அப்பா இல்லை.

"அது இட்டுக்கட்டறது அண்ணி," என்றான் வல்லரசு. "கேமரா பாத்திருந்தா எங்கயாவது இருக்கும், தோண்டி எடுக்கலாம். இந்த லென்ஸ் அத பாக்கவே இல்ல. பாக்காதத எங்கேருந்து கொண்டார்றது?"

"நான்தான் மா," என்றாள் சினேகா. "எடிட் பண்றப்ப பாத்தேன். யாரோ சாமியார் நிக்கறாருனு விட்டுட்டேன். அந்த லென்ஸ கேட்டதும் நான்தான்." மேஜைமேல் கவிழ்ந்து அழுதாள். கஸ்தூரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு சினேகா மெல்லச் சொன்னாள். "அது அப்பாவா இல்லாமலும் இருக்கலாம் மா."

"கை கழுத்துக்குப் போவுதுடி."

"கொசு கடிச்சா கூட போவும் மா."

மறுநாள் இன்னொரு வீடியோ போட்டார்கள். கஸ்தூரி கண்ணாடியோடு, போனைப் பார்த்து, கைகூப்பிச் சொன்னாள். அவர் சித்தர் இல்லை, என் வீட்டுக்காரர், ஞாபகம் இல்லாதவர், பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். அதற்கு வந்த கமெண்ட்களை சினேகா அம்மாவுக்குக் காட்டவில்லை. கஸ்தூரி தானே பார்த்தாள். 'சாமியப் புருஷன்னு சொல்லுது பாரு இந்தம்மா.' 'வியூஸ் வந்ததும் கதை கட்டறாங்க.' 'உன் புருஷன் உன்னைத் தாங்காமதான் ஓடிப்போயிருப்பான்.' கடைசியாகப் படித்ததைத் திரும்பவும் ஒருமுறை படித்தாள். பிறகு இரண்டு வீடியோவையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தார்கள். பிரயோஜனமில்லை. அதற்குள் யார் யாரோ முதல் வீடியோவை வெட்டி, பாட்டுச் சேர்த்து, அவர்கள் பெயரில் போட்டுவிட்டார்கள்.

ஒரு மாசம் போல அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மற்ற ஏழு திக்கிலும் தேடினாள். அப்புறம் ஒருநாள் காலையில் கால் தானாக நிருதி லிங்கத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயிற்று.

புங்கமரத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். தகரக் கொட்டகை, உண்டியல், ஃப்ளெக்ஸ் போர்டு. மரத்தடியில் மேடை கட்டி, அதன்மேல் ஆளுயரத்துக்குச் சட்டம் போட்ட ஒரு படம். பச்சையும் வெள்ளையுமாக முகமில்லாத அந்தப் பூச்சு. அதற்குத் தரைவரை தொங்குகிற ரோஜா மாலை. இரண்டு பக்கமும் விளக்கு. ஊதுவத்திப் புகை.

மூன்று வருஷமாக அவள் கூடத்தில் ஏறவிடாத மாலை.

அவள் வரிசையை விட்டுவிட்டு நேரே மேடைக்குப் போனாள். பூசை செய்துகொண்டிருந்தவர் சக்கரபாணி. முன்பு அங்கிருந்து சற்றுத் தள்ளி இளநீர் வெட்டி விற்றவர். இப்போது நெற்றி நிறைய விபூதியும் காவித் துண்டுமாக இருந்தார். கண்ணாடி போட்டிருந்த கஸ்தூரியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்த மாலைய எடுத்துடுங்க," என்றாள்.

"என்னாம்மா சொல்ற?"

"எடுத்துடுங்க ஐயா. உசுரோட இருக்கறவர் படத்துக்கு மாலை போடக்கூடாது."

சக்கரபாணி சிரித்தார். கோபக்காரர் இல்லை. "சரியாதாம்மா சொல்ற. சாமிக்கு ஏது சாவு? உசுரோடதான் இருக்காரு. சாமினா மாலை போடாம இருக்க முடியுமா? நான் கண்ணால பாத்தவன்மா. வீடியோவுல பாத்தவன் இல்ல."

கஸ்தூரி இன்னும் ஒரு அடி கிட்டே போனாள். "பாத்தீங்களா?"

"அதோ, கொஞ்சம் தள்ளிதான் இளநி வெட்டிகினு இருந்தேன். காலையில இந்த மரத்தடியில வந்து நின்னாரு. ஒரு பொம்பள எதிர்ல என்னமோ பேசிட்டுப் போயிட்டா. இவர் நிக்கறாரு. வெயில் ஏறுது, நிக்கறாரு. மத்தியானம் தரை கொதிக்குது, வெறுங்கால்ல நிக்கறாரு. ஒரு இளநி வெட்டி எடுத்துகினு போனேன். வாங்கல. கண்ணு கூட எம்மேல திரும்பல. எதிர்ல ரோட்டையே பாத்துகினு, இப்டி, தலைய நிமித்தினு." தாடையைத் தூக்கிக் காட்டினார். "கழுத்துல துணியில சுத்தி லிங்கம் தொங்குது. சாயங்காலம் வரைக்கும் நின்னாரும்மா. மனுஷனா இருந்தா முடியுமா, நீயே சொல்லு."

முடியும் என்று அவளுக்குத் தெரியும். துணிக்குள் தொங்கியது லிங்கமில்லை, கேமரா என்றும் தெரியும். சத்தம் வராவிட்டால் முடியும். காலையில் அவள் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவர் அந்தச் சத்தத்துக்காகச் சாயங்காலம் வரை காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். சந்தேகம் ஒன்று இத்தனை நாள் அவளுக்கு ஒரு ஓரத்தில் துணையாக இருந்தது, அது அவராக இல்லாமலும் இருக்கலாம் என்று. அந்தத் துணையும் போயிற்று.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒரு வெள்ளக்காரர் வந்தாரு. பழைய கேமரா ஒண்ணு வெச்சினு இருந்தாரு. எதிர்ல நின்னு 'டக்'னு ஒரு படம் எடுத்தாரு. சாமி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு, கொழந்த மாரி. அப்டியே திரும்பி மலையப் பாக்க நடந்து போயிட்டாரு. நான் ஓடிப்போய்ப் பாக்கறேன், ஆளக் காணோம்."

"அந்த வெள்ளக்காரர் எங்க தங்கியிருந்தாருனு..."

"யார் கண்டது? அவங்க இன்னிக்கு இங்க, நாளைக்கு எந்த தேசமோ."

உலகத்தில் எங்கேயோ ஒரு மூலையில், பெயர் தெரியாத ஒரு மனுஷனிடம், அவள் புருஷன் சிரிக்கிற படம் இருக்கிறது. தெளிவாக இருக்கும். மேல் பட்டன் போட்டிருப்பார்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "எவ்ளோ நேரம்மா நீ ஒருத்தியே நிப்ப? நாங்க பாக்க வேணாமா?" ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்து அந்தப் பூச்சைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டக், டக், டக். இனி அவர் வந்து இங்கே நின்றாலும் நிற்கிற நொடியிலேயே அந்தச் சத்தம் கேட்டு விடுதலை. அவள் சுற்றிலும் பார்த்தாள். மாலையை எடுக்கக் கை நீட்டினால் இந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதும் தெரிந்தது. அடிக்குப் பயந்து அல்ல, அடித்தாலும் அவர் வரப்போவதில்லை என்பதால் கையை இறக்கிக்கொண்டாள்.

சக்கரபாணி படத்தின் காலடியிலிருந்து குங்குமம் எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் நெற்றியையும் தாலிச் சரட்டையும் பார்த்துவிட்டு மனசார வாழ்த்தினார். "எடுத்து வெச்சிக்கம்மா. தீர்க்க சுமங்கலியா இருப்ப. சாமி பாத்துப்பாரு."

கஸ்தூரி அதை நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஒரு துளியும் கீழே சிந்தாமல் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் வீடியோ எடுக்கவில்லை. சேனல் அப்படியே கிடக்கிறது. கேமராவுக்கு அவள் பேட்டரி போடுவதும் இல்லை. தவறிக்கூட ஒரு சத்தம் வந்துவிடக் கூடாது. சினேகா அதைப் பார்த்துவிட்டுச் சார்ஜரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

இன்றைக்கும் காலையில் இடது ஓரமாகக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நடந்து போகிறாள். கழுத்தில் வெள்ளியும் கறுப்புமாக ஒரு கேமரா. மலைப் பக்கம் தனியாக ஒரு கிழவர் நடந்தால் நின்று அதைத் தூக்கிப் பிடிக்கிறாள். கிழவர் பிச்சைக்குக் கையை நீட்டுகிறார். அவள் இடுப்பிலிருந்து சில்லறையை எடுத்துப் போட்டுவிட்டு, கேமராவை இறக்கிவிட்டு, மேலே நடக்கிறாள்.